நான்கில் இரண்டு: ஏ லெவல் புவியியலுக்குப் புத்தகமும் விருப்பத் தலைப்பும் தேர்ந்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிறிய பள்ளியில் நான் புவியியல் எடுக்கிறேன். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பாடத்திட்டம், நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான பிரிட்டிஷ் முறைப் படிப்பு. 2024 ஜூனில் இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் ஐந்து பேர்: மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். நால்வர் புதுச்சேரியிலேயே குடியிருப்பவர்கள். ஒரு பெண் மட்டும் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். ஐந்து பேருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பத்தாம் வகுப்பு வரை வேறு வேறு போர்டில் படித்தவர்கள்.

இந்தத் தேர்வில் நான்கு தாள்கள் உண்டு. முதல் இரண்டையும் இவர்கள் 2024 மார்ச்சில் எழுதி முடித்திருந்தார்கள். மீதமிருந்தது மூன்றாம் தாளும் (இயற்கைப் புவியியல்) நான்காம் தாளும் (மானிடப் புவியியல்). சிக்கல் இங்கேதான் ஆரம்பம். இரண்டு தாளிலும் நந்நான்கு தலைப்புகள் இருக்கும். மாணவர் இரண்டுக்கு மட்டும் விடை எழுதினால் போதும். ஒவ்வொரு தலைப்புக்கும் 30 மதிப்பெண்: படம், அட்டவணை தந்து கேட்பதற்கு 10, கட்டுரைக்கு 20. மொத்தம் 60 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம்.

மூன்றாம் தாளின் தலைப்புகள்: வெப்பமண்டலச் சூழல், கடற்கரைச் சூழல், இடர்மிகு சூழல், வறண்ட மற்றும் பாதி வறண்ட சூழல். எந்த இரண்டு என்று பள்ளி முன்கூட்டி எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நான்கும் ஒரே வினாத்தாளில் அச்சாகி வரும், மாணவர் அறைக்குள் உட்கார்ந்துகூட முடிவு செய்யலாம். இதைப் பெரிய சலுகை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கென்று தனியாக மார்ச் மாதத் தேர்வு ஒன்று உண்டு. மே மாதத்திலேயே முடிவு வந்துவிடுவதால் கல்லூரிச் சேர்க்கைக்கு வசதி, பெற்றோர்களும் அதையே கேட்பார்கள். ஆனால் ஜூனில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், மழை விடுமுறை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஏழு மாதம்கூட இல்லை.

புத்தகம்

பள்ளி நூலகத்தில் பன்னிரண்டு பிரதிகள் இருந்தன. யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை, அட்டை கிழியாத நல்ல புத்தகங்கள். இதே பாடத்துக்கானவைதான், ஆனால் முந்தைய பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. தலைப்புகள் அப்படியே இருப்பதால் முதல் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. நிர்வாகத்துக்கும் தெரியவில்லை. "புத்தகம்தான் இருக்கே சார், எதுக்குப் புதுசு?" என்ற கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. புதிய பதிப்பு இறக்குமதிப் புத்தகம், ஒரு பிரதியே மூவாயிரம் ரூபாய்க்கு மேல்.

ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பேரையும் உட்கார வைத்து, பாடத்திட்ட ஆவணத்தில் மூன்றாம் தாளுக்கான நான்கு பக்கங்களை ஆளுக்கொன்றாக அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு வரி படிக்க வேண்டும், புத்தகத்தில் அது எந்தப் பக்கம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும், பக்கம் கிடைக்காவிட்டால் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. புள்ளிகள் விழுந்த விதம் எனக்கே ஆச்சரியம். அலை, அரிப்பு, மணல் மேடு, எரிமலை மாதிரி இயக்கமும் நில வடிவமும் சார்ந்த வரிகளுக்கு எல்லாம் பக்கம் கிடைத்தது. ஒவ்வொரு தலைப்பின் கடைசியிலும் வரும் ‘நீடித்த மேலாண்மை’ பகுதியில் மட்டும் ஒரே சிவப்பு. அங்கே இருந்த எடுத்துக்காட்டுகளும் பழசு. இடர் பாடத்தில் 2011 ஜப்பான் நிலநடுக்கம்கூடக் கிடையாது. 20 மதிப்பெண் கட்டுரை பெரும்பாலும் வந்து நிற்பது இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

அதனால் எடுத்த முடிவு: பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நில வடிவங்களுக்கு அதுவே போதும், படங்கள் புதியதைவிடத் தெளிவு. புதிய பதிப்பில் இரண்டே பிரதி வாங்கி வகுப்பறையில் வைப்பது. இவற்றோடு மத்திய அரசு நிறுவனமான என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல் புத்தகங்களும், தமிழ்நாடு அரசின் மேல்நிலைப் பாடநூலும். கடைசி இரண்டையும் வாங்கச் சொன்னபோது ஒரு அப்பா சிரித்தார். "இதுக்கா சார் இவ்வளவு ஃபீஸ் கட்டறோம்?" என்றார். தமிழில் உள்ள அந்த அரசுப் பாடநூலை நான் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ‘லகூன்’ என்று மூன்று முறை சொன்னபோது வெறித்துப் பார்த்த பையன், ‘உப்பங்கழி’ என்றதும் பரங்கிப்பேட்டைப் பக்கம் தன் மாமா வீட்டுக்குப் பின்னால் இருப்பதை வரைந்து காட்டினான். பொருள் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தலைப்புகள்: யார் என்ன சொன்னார்கள்

ஜூன் கடைசி வாரத்தில் ஆளுக்கொரு தாளில் தங்கள் விருப்பத்தையும் காரணத்தையும் எழுதச் சொன்னேன். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. "கடல் எங்க வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு" என்பது ஒன்று. "வறண்ட நிலம் சின்னப் பாடம், சீனியர்ஸ் சொன்னாங்க" என்பது இரண்டு பேர் எழுதியது. "எரிமலை பிடிக்கும்" என்று ஒருவன். ஐந்தாவது தாளில் காரணம் எதுவும் இல்லை, "நீங்க சொல்றது சார்" என்று மட்டும் இருந்தது.

என் யோசனை கடற்கரையும் இடர்மிகு சூழலும். இடர் பாடத்தில் வரும் நிலத்தட்டு நகர்வும் நிலச்சரிவும் முதல் தாளின் ‘பாறைகளும் சிதைவும்’ பகுதியில் ஏற்கனவே படித்தவை. புயலுக்கு வேண்டிய அடிப்படை ‘வளிமண்டலமும் வானிலையும்’ பகுதியில் வந்துவிட்டது. பாதி வேலை முடிந்த தலைப்பு அது. ஏழு மாதத்தில் இது பெரிய விஷயம். கடற்கரைக்குக் காரணம் சொல்லவே வேண்டாம்.

கடலூர் பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தாளில் அவளுக்கு மிகக் குறைவாக வந்தது அந்தப் பாறைப் பகுதியில்தான். "அதே பாடத்தை மறுபடி எடுத்தா மறுபடி அங்கேயேதான சார் விழுவேன்?" என்றாள். ஒரு தலைப்பு இன்னொன்றோடு ஒட்டி வருவது பலம் என்று மட்டுமே நான் கணக்குப் போட்டிருந்தேன். முன்னதில் தடுமாறியவருக்கு அதே ஒட்டு இரட்டைச் சுமை. இது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கடற்கரையும் வறண்ட சூழலும் எடுத்தாள். ‘சின்னப் பாடம்’ என்ற காரணத்தோடு வந்த மற்ற பையனை மட்டும் பேசி இந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்து இன்னொருவனைத் திருப்பியது எந்த அளவுக்குச் சரி என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

நான்காம் தாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுலா வருகிற ‘உலகச் சார்புநிலை’ வேண்டும் என்று எல்லாரும் குதித்தார்கள், புதுச்சேரிக்காரர்கள் அல்லவா. ஒரு வாரம் கொடுத்து, வெள்ளை நகரத்தை (புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி) வைத்து ஒரு கட்டுரைக் குறிப்பு கொண்டு வரச் சொன்னேன். கஃபே, வாடகை ஸ்கூட்டர், வார இறுதி நெரிசல் என்று பார்த்ததெல்லாம் வந்தது. ஒரு இடத்தின் சுற்றுலா எப்படி வளர்ந்தது, அதை எப்படி நிர்வகித்தார்கள், பலன் என்ன என்பதற்கு மேற்கோள் காட்டக்கூடிய எண் ஒன்றுகூட வரவில்லை. அதை விட்டுவிட்டு சுற்றுச்சூழல் மேலாண்மையும் ‘உற்பத்தி, இடம், மாற்றம்’ என்ற தலைப்பும் எடுத்தோம். மின்சாரம், நிலச் சீரழிவு இரண்டுக்கும் நெய்வேலி கைகொடுத்தது. பழுப்பு நிலக்கரியை எடுக்க நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டும் என்ற ஒரு செய்தியை வைத்தே அரை மணி நேரம் விவாதம் ஓடியது.

ஜூலை முதல் நவம்பர் வரை: கவனித்தவை

ஆகஸ்டில் இரண்டு நாள் கடற்கரை ஓரமாக நடந்தோம். முதல் நாள் தேங்காய்த்திட்டு துறைமுக வாய். 1980களின் பிற்பகுதியில் இங்கே கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள்தான் கதையின் தொடக்கம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் அது திசை திரும்பும். சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்டிய சுவர் மட்டும் மிஞ்சியது. பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த, அலையின் வேகத்தைக் குறைக்கும் நீரடித் திட்டு தலைமைச் செயலகத்துக்கு எதிரே இறக்கப்பட்டு, முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கொட்டப்பட்டு, ஒரு பகுதியில் கடற்கரை திரும்பி வந்தது. காந்தி சிலைக்கு வடக்கே மணலில் நின்றபோது ஒரு பையன், "எங்க அம்மா காலேஜ் படிக்கிறப்ப இங்க கல்லுதான் சார் இருந்துச்சாம்" என்றான்.

இரண்டாம் நாள் வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம். பொம்மையார்பாளையத்தில் பாதி இடிந்த ஒரு வீட்டின் குளியலறைத் தரை, நீல ஓடு பதித்தபடியே, காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே அலை. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

அந்த வாரம் எழுதிய கட்டுரைகள் எல்லாம் 20க்கு 9, 10 என்றுதான் நின்றன. மதிப்பெண் முறையில் 20 மதிப்பெண்ணும் நான்கு படிகளாகப் பிரிந்திருக்கும்: 1–5, 6–10, 11–15, 16–20. இரண்டாம் படியிலிருந்து மூன்றாவதுக்கு ஏற, தெரிந்ததைச் சொல்வது போதாது. கேள்வி கேட்டதை எடை போட வேண்டும். நம் பிள்ளைகள் துறைமுகம் கட்டினார்கள், மணல் போனது, திட்டு போட்டார்கள், மணல் வந்தது என்று கதையாக எழுதி, கடைசி வரியில் ‘எனவே இது வெற்றி’ என்று முடித்திருந்தார்கள். நீல ஓட்டுத் தரையை ஒருவர்கூட எழுதவில்லை. ஏன் என்று கேட்டால், "அது தமிழ்நாடு சார், கேள்வி புதுச்சேரியைப் பத்தித்தான?" என்று பதில்.

இரண்டு வகுப்புகள் அதிலேயே போயின. மணலுக்கு மாநில எல்லை கிடையாது, ஆனால் கரையைக் காக்கும் செலவுக்கு உண்டு. புதுச்சேரி கடற்கரை யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி, எத்தனை ஆண்டுக் கணக்கில் வெற்றி? தூர்வாரும் மணலைக் கொட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும்? இப்படிக் கேட்டுக் கேட்டு மறுபடி எழுத வைத்தபோதுதான் 13, 14 வந்தது.

நவம்பர் நடுவில் முதல் மாதிரித் தேர்வு. இரண்டு சங்கதிகள் தெரிந்தன. கடற்கரையில் பவளப்பாறை பற்றி நான் வைத்த 10 மதிப்பெண் கேள்வியை நான்கு பேர் தொடவே இல்லை. நம் கரையில் பவளப்பாறை இல்லை, மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அதனால் நானே அதை அவசரமாக நடத்தியிருந்தேன். பாடத்திட்டத்தில் அது தனிப் பகுதி, தவிர்க்க வழியில்லை. பக்கத்தில் இருக்கும் கடலைப் பார்த்துப் பார்த்து, பாடத்தில் இருக்கும் கடலில் நாலில் ஒரு பங்கை மறந்திருந்தோம்.

இரண்டாவது: நான் பேசித் திருப்பிய பையன், இடர் தலைப்பை விட்டுவிட்டு வெப்பமண்டலச் சூழலுக்கு விடை எழுதியிருந்தான். நாங்கள் ஒரு நாள்கூடப் படிக்காத தலைப்பு. காலநிலை வரைபடம் ஒன்று கொடுத்து விளக்கச் சொல்லியிருந்ததால் சுலபமாகத் தெரிந்ததாம். அந்தப் பகுதியில் 10க்கு 7 வாங்கினான். கட்டுரையில் 20க்கு 4. நான் கண்டித்தேன், அவனும் தலையாட்டினான், அதோடு விட்டுவிட்டேன்.

நவம்பர் 30க்குப் பிறகு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். பள்ளி மூடிக் கிடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பெருகி கடலூர்க் கரையோரங்கள் மூழ்கின. திருவண்ணாமலையில் மலைச்சரிவு விழுந்து ஏழு பேர் இறந்தார்கள்.

பள்ளி திறந்ததும் ஒரு பையன் நோட்டை நீட்டினான். வீட்டுக் கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்திருந்தான்: தரையிலிருந்து 71 செ.மீ. பக்கத்தில் நேரம், அதிகாலை 3.10. அதன் கீழே அவனாகவே ஒரு கட்டுரையும் எழுதியிருந்தான். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மதிப்பெண் போட்டால் 8.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வகுப்பில் பலகையை நடுவே கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் ‘தானே’ புயல், 2011 டிசம்பர் 30, இதே கரை. காற்று மணிக்கு 140 கி.மீ. வரை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வலது பக்கம் ஃபெஞ்சல். காற்று 90ஐத்தான் தொட்டது, மழையும் வெள்ளமும் பேரளவு. ஒரே கரை, இரண்டுமே புயல், ஆனால் அடித்தது இரண்டு வேறு இடர். அப்படியானால் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் புயலைத் தரம் பிரிப்பது சரியா? மெதுவாக நகரும் புயலுக்கு எச்சரிக்கை எப்படிக் கொடுப்பது? அணையைத் திறப்பது பேரிடர் மேலாண்மையா, அதுவே இன்னொரு இடரா? அவனுடைய 71 செ.மீ. பலகையின் வலது ஓரத்தில், ஒரு வரியாக, இடம் பிடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையை நீக்கச் சொல்லவில்லை, ஒரு வரிக்குள் அடக்கச் சொன்னேன். அடுத்த முறை 15.

எண்களில் கொஞ்சம் எச்சரிக்கை தேவைப்பட்டது. புயல் முடிந்த வாரத்தில் நாளிதழ்களில் மழையளவு ஒன்றுக்கொன்று வேறுபட்டது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எண் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இதெல்லாம் நடக்கும்போது கடலூர் பெண் இன்னொரு மேசையில் தனியாக வறண்ட நிலம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரிலும் வெள்ளம், ஆனால் அவள் தாளில் வெள்ளமே இல்லை. இந்த வேடிக்கையை அவளே சொல்லிச் சிரிப்பாள். இறக்குமதிப் புத்தகத்தில் வறண்ட நில மேலாண்மைக்கு இருந்த எடுத்துக்காட்டு அவளுக்குப் போதவில்லை. என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனப் பகுதி பற்றி முழு ஆய்வே இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஹரிகேயில் தொடங்கும் கால்வாய், 1958இல் ஆரம்பித்த திட்டம், 19.63 லட்சம் ஹெக்டேர் பாசனப் பரப்பு. பாலைவனத்தில் பசுமை வந்தது ஒரு பக்கம், நீர் தேங்கி நிலம் உவர்ப்பானது மறுபக்கம். எடை போடுவதற்கு வேண்டிய இரண்டு பக்கமும் அதிலேயே இருந்தன. அந்த அப்பா சிரித்தது நினைவுக்கு வந்தது.

விளைவு

மார்ச் 2025 தேர்வு, மே மாதம் முடிவு. இருவருக்கு ஏ, இருவருக்கு பி, ஒருவனுக்கு டி. ஏ வாங்கியவர்களில் ஒருத்தி கடலூர் பெண், இன்னொருவன் சுவரை அளந்தவன். பள்ளிக்கு வந்த தாள்வாரி மதிப்பெண்ணில் மூன்றாம் தாளில் அதிகம் எடுத்தது அந்தப் பெண்தான், அதாவது என் யோசனையைக் கேட்காதவள்.

டி வாங்கியவன், வெப்பமண்டலத்தில் விழுந்த அதே பையன். தேர்வு அறையில் மறுபடியும் படிக்காத தலைப்பைத் தொட்டிருக்கிறான். "முதல் கேள்வி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னான். நவம்பரில் நடந்ததை நான் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் தேர்ந்த தலைப்பை நான் பிடுங்கிக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன். இடர் அவனுக்குச் சொந்தமாகவே இல்லை, எனவே அறைக்குள் அதை விட்டுக்கொடுக்க அவனுக்குப் பெரிய தயக்கமும் இருந்திருக்காது. இது என் ஊகம்தான், அவன் இப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வகுப்புக்கு மாற்றியவை

பாடத்திட்ட வரிக்குப் பக்க எண் எழுதும் பயிற்சியை இப்போது முதலாம் ஆண்டின் கடைசி வாரத்திலேயே செய்துவிடுகிறோம். புத்தகம் வாங்கும் பணத்தை நிர்வாகத்திடம் கேட்கும்போது அந்தச் சிவப்புப் புள்ளித் தாளையே எடுத்துக்கொண்டு போகிறேன். வாதாட வேண்டியதில்லை. பவளப்பாறையை ஜூலையிலேயே முடித்துவிடுகிறேன். மாதிரித் தேர்வுகளில் நான்கு தலைப்பும் உள்ள முழுத் தாளைத்தான் கொடுக்கிறேன், ஆனால் எழுதத் தொடங்கும் முன் 20 மதிப்பெண் கேள்வியை முதலில் படித்து, எந்த ஊரை வைத்து எழுதப் போகிறோம் என்று ஓரத்தில் குறித்த பிறகே 10 மதிப்பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது விதி. தலைப்பை நான் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தான் கேட்கும் தலைப்புக்கு எண்ணோடு, இரண்டு பக்கமும் உள்ள நான்கு எடுத்துக்காட்டுகள் கொண்டு வந்து காட்ட வேண்டும்.

2025 ஜூனில் ஒரு பையன் வெப்பமண்டலம் வேண்டும் என்றான். நான்கு கொண்டு வா என்றேன். வெள்ளிக்கிழமை இரண்டோடு வந்தான். ஒன்று அமேசான், இன்னொன்று பிச்சாவரம். பிச்சாவரம் எந்தத் தலைப்பில் சேரும் என்று அன்று மணி அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை மீதி இரண்டைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.